காவிரிப்பூம்பட்டினத்தில் ஓய்வுநாள்: உவவு நாட் கடற்கரை வாழ்வு

தோற்றுவாய்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசரையும் போர்களையும் துறைமுகத்தையும் வாணிகத்தையும் முதற்கண் ஆராய்வர். அந்நகர மக்கள் தொழில் ஒழிந்த நாளை எங்ஙனம் கழித்தனர் என்னும் வினா அந்நூல்களில் பெரும்பாலும் எழுவதில்லை. கல்வெட்டும் செப்பேடும் கொடையையும் வெற்றியையும் கூறுவன. உழைப்பாளியின் ஓய்வை அவை கூறா. ஆயின், காவிரிப்பூம்பட்டினத்தைப் பொறுத்தவரை இக்குறை இல்லை. அந்நகரத்து மீன்பிடிக்கும் மக்கள் கடலுக்குச் செல்லாத ஒரு நாளில் உண்டதும் உடுத்ததும் ஆடியதும் உறங்கியதும் பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பட்டினப்பாலையில் நிரல்படக் கூறப்பட்டுள்ளன.

விடுமுறை நாளில் பழைய கடற்கரை ஊருக்குச் சென்று பொழுது போக்குதல் இன்று உலகெங்கும் பரவிய வழக்கமாகும். பூம்புகாரும் அங்ஙனம் மக்கள் செல்லும் ஊர்களுள் ஒன்று. அங்குச் செல்வோர் காணும் கடற்கரை யாருடைய ஓய்வுக்கு உரியதாக முதலில் பாடப்பட்டது? பிற்காலத்தில் அவ்வுரிமை யாரிடம் சென்றது? இவ்விரு வினாக்களுக்கும் இலக்கியச் சான்று கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சான்று நூல்கள்

பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைத் தலைவனாகக் கொண்டு பாடியது. பத்துப்பாட்டு முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்தார். மறைமலையடிகள் 1906 இல் இப்பாட்டிற்குத் தனியே ஆராய்ச்சியுரை கண்டார். அதுமுதல் இப்பாட்டின் வாணிகச் செய்திகள், புலிப்பொறி இடும் சுங்கம், கரிகாலன் வெற்றிகள் ஆகியவை வரலாற்று நூல்கள் பலவற்றுள் எடுத்தாளப்பெற்றுள்ளன. அவற்றுக்கு முன்னதாக வரும் ஏறக்குறைய 60 அடிகள், அஃதாவது கடற்கரை மக்களின் பொழுதுபோக்கைக் கூறும் பகுதி, அணிநலம் பாராட்டப்பெற்ற அளவிற்கு வரலாற்றுச் சான்றாக ஆராயப்பெறவில்லை.

இப்பகுதி பாட்டில் நிற்கும் இடம் கருதத்தக்கது. பொருள்வயிற் பிரிய எண்ணிய தலைவன், பட்டினத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சிற்குக் கூறுவதே பாட்டின் பொருள். எனவே, பட்டினத்தைப் பற்றிப் புலவர் கூறுவன எல்லாம் அந்நகரின் விலைமதிப்பை உயர்த்திக் காட்டுவனவேயாகும். அம்மதிப்பைக் கணக்கிடுங்கால், துறைமுகத்துப் பண்டப்பொதிகளுக்கு முன்பாகவே பரதவரின் ஓய்வையும் விளையாட்டையும் அவர் எண்ணுகின்றார். ஓய்வும் ஒரு நகரின் செல்வம் என்னும் கருத்து இவ்வமைப்பினுள் அடங்கியிருத்தல் தெளிவு.

2. உவவு என்னும் நாள்

பரதவர் கடல்வேட்டைக்குச் செல்லாது தங்கிய நாளைப் புலவர் 'உவவு' என்னும் சொல்லாற் குறிக்கின்றார். இச்சொல் உவா எனவும் வழங்கும். வெள்ளுவா என்பது நிறைமதி நாளையும், காருவா என்பது மறைமதி நாளையும் குறித்தலின், இங்குக் கருதப்பட்டது எந்நாள் என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

நிறைமதி நாளே ஈண்டுக் கருதப்பட்டது என்பது எம் துணிபு. அதற்கு இரண்டு சான்றுகள் உள. முதலாவது பாட்டின் உள்ளேயே இருப்பது. பகல் விளையாட்டைக் கூறிய புலவர், அதனைத் தொடரும் இரவில் மக்கள் வெண்ணிலவின் பயனை நுகர்ந்தனர் என்கின்றார். மறைமதி நாளாயின் இக்கூற்றுப் பொருந்தாது. இரண்டாவது, புறநானூற்றின் 65 ஆம் பாட்டில் உள்ளது. அதனுள் கழாத்தலையார், ஞாயிறும் திங்களும் எதிரெதிர் நோக்கி நிற்க ஒன்று மறையும் பொழுதினை இதே சொல்லாற் குறிக்கின்றார். இருசுடரும் எதிர் நிற்பது நிறைமதி நாளிலேயாம். பாட்டில் காவிரி கடலொடு கலக்கும் இடத்து ஓதம் மிக்கு ஒலித்தது என்று கூறப்படுதலும் இதற்கு இயைபுடையது. உவவு நாளில் ஓதம் பெருகும் என்பது கடலோர மக்கள் யாவரும் அறிந்ததே.

நாளைத் துணிவதால் வரும் பயன் யாது எனின், கூறுதும். பரதவரின் ஓய்வு மடிமையால் நேர்ந்ததன்று. புயலாலும் மழையாலும் நேர்ந்ததும் அன்று. திங்கள்தோறும் வரும் ஒரு நாளோடு பிணைக்கப்பட்ட வரையறுத்த ஓய்வாக அது தோன்றுகின்றது. அன்று அவர்கள் சினைச்சுறவின் கொம்பினை நட்டுத் தெய்வத்தை அதில் நிறுத்தி வழிபட்டனர். வாள்போல் நீண்ட முகக்கொம்பினை உடைய மீன்வகை ஒன்றின் கொம்பே இது என்பது பொருத்தமாகும். தம் தொழிலில் பெற்ற பொருளையே தெய்வம் உறையும் இடமாக அவர்கள் கொண்டமை நோக்கற்பாலது. வழிபாடும் தொழில் ஒழிதலும் ஒருங்கே அமைந்த நாள் இது. தென்கடற்கரையில் கிறித்தவ மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாமை இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. சமயம் மாறினும், கடலின்மேற் செல்வோர் தம் ஓய்வைத் தெய்வத்தின் பெயரால் உறுதி செய்துகொண்ட முறை ஒத்துள்ளது.

3. பகற்பொழுது

பரதவர் குடியிருப்பினைப் புலவர் முதலில் காட்டுகின்றார். தாழ்ந்த கூரையுடைய வீடுகள். அவற்றின்மேல் சாத்திய நீண்ட தூண்டிற் கோல்கள். முன்றிலில் வெண்மணல்மீது உலரும் கரிய வலைகள். நிலவொளியின் நடுவே இருள் கிடந்தாற்போல அவ்வலை தோன்றிற்று என்பது அவர் கூறும் உவமை. வலை உலர்கின்றது எனவே தொழில் ஒழிந்தது என்பதும் பெறப்படும். இக்குடியிருப்பை அடுத்த புறச்சேரியில் பன்றியும் கோழியும் திரிந்தன, உறைக்கிணறுகள் இருந்தன. பூம்புகார், வானகிரி ஆகிய இடங்களின் கடலோரத்தில் சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டமை, புலவர் கூற்றுக் கற்பனையன்று என்பதற்கு ஒரு சான்றாகும்.

அந்நாளில் அவர்கள் மேற்கொண்ட செயல்களைத் தொகுத்து நோக்கின் ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது உணவு. கடலில் பிடித்த இறாலைச் சுட்டும், வயலில் பெற்ற ஆமையை வேகவைத்தும் உண்டனர், பனங்கள்ளைப் பருகினர். நெய்தலும் மருதமும் கலந்த நிலத்தின் உணவு இது. கடற்கரை மக்கள் வயலோடு தொடர்பற்றவர் அல்லர் என்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாவது ஒப்பனை. மணலிற் படர்ந்த அடும்பின் மலரையும், நீரிற் பூத்த ஆம்பலையும், தாழை மடலையும் சூடினர். விலை கொடுத்துப் பெற்ற பூ ஒன்றேனும் இவ்விடத்துக் கூறப்படவில்லை.

மூன்றாவது வீர விளையாட்டு. பழைய மரம் நின்ற மணல்மேட்டில் சுற்றத்தாருடன் கூடிக் கையாலும் படைக்கலத்தாலும் பொருதனர். விண்ணில் நாண்மீன்களும் கோள்மீன்களும் கலந்தாற்போலக் கூட்டம் திரண்டது என்கின்றார் புலவர். கவணில் கல்லெறிந்தனர், அதற்கு அஞ்சிப் பனைமரத்துப் பறவைகள் பறந்தன. புறச்சேரியில் ஆட்டுக்கிடாய்களும் சிவல்களும் பொருதன.

நான்காவது நீராட்டு. ஆறு கடலொடு கலக்கும் கூடலில், தீவினை நீங்குதற்பொருட்டுக் கடலிலும், உடலின் உப்புப் போதற்பொருட்டு ஆற்றிலும் குளித்தனர். முன்னது சமயக் கடன்; பின்னது உடல் தூய்மை. இரண்டையும் புலவர் பிரித்துக் கூறுதல் கூர்ந்து நோக்கத்தக்கது.

ஐந்தாவது, யாதொரு பயனும் கருதாத விளையாட்டு. நண்டினை ஓட்டுதல், அலையிற் புகுந்து கலக்குதல், மணலில் பாவை செய்து சூழ்ந்திருத்தல், பலவகைக் காட்சிகளைக் கண்டு மயங்குதல் ஆகியன இதனுள் அடங்கும். இன்று கடற்கரைக்குச் செல்லும் சிறுவர் செய்வன எவையோ அவையே இவை. இச்சிறு செயல்களை அரசனைப் பாடும் நெடும்பாட்டில் இடம்பெறச் செய்த புலவரின் துணிவு பாராட்டத்தக்கது. இவற்றை எல்லாம் விளைந்த இன்பத்தோடு கூட்டித் துறக்கத்திற்கு நிகராக அவர் மதிக்கின்றார்.

4. இரவுப்பொழுது

பகல் முடிந்தபின் காட்சி மாறுகின்றது. துணைவரொடு கூடிய மகளிர் பட்டினை நீக்கித் துகில் உடுத்தனர்; கள்ளினைத் தவிர்த்து மது அருந்தினர்; ஆடவர் கண்ணியை மகளிரும், மகளிர் கோதையை ஆடவரும் மாறிச் சூடினர். பாடல் கேட்டனர், நாடகம் கண்டனர், இரவின் கடைப்பகுதியில் காவிரி கொணர்ந்து குவித்த மணலில் உறங்கினர்.

பட்டுடுத்த இம்மகளிர் யாவர்? பகலில் கூறப்பட்ட பரதவர் மகளிர் தழையுடை அணிந்தவர். ஆகலின் இரவில் வருவோர் நகரத்துச் செல்வர் இல்லத்து மகளிர் எனக் கோடலே முறை. அங்ஙனமாயின், ஒரே கடற்கரையில் இருவகை மக்களின் ஓய்வு அடுத்தடுத்துக் கூறப்படுகின்றது. தொழிலாளர் ஓய்வு முன்னும், செல்வர் ஓய்வு பின்னும் நிற்கின்றன. இவ்வரிசை தற்செயலானதன்று என்பது எம் கருத்து. கடற்கரைக்கு உரியவர் முதலில் கூறப்பட்டனர். வந்து கூடியோர் பிறகு கூறப்பட்டனர்.

5. ஒரு தடையும் விடையும்

இவ்விடத்து ஒரு தடை நிகழும். இரவுக் காட்சியின் நடுவே, வளைந்த திமிலையுடைய பரதவர் உயர்ந்த மாடங்களின் விளக்கொளியை நோக்கிச் சுடர்களை எண்ணினர் என்று கூறப்படுகின்றது. திமிலோடு இயைத்துக் கூறப்படுதலின் அவர் கடல்மேல் இருந்தனர் என்பதே நேரிய பொருள். உவவு நாளில் வேட்டைக்குச் செல்லாத பரதவர் அதே இரவில் கடலில் இருந்தது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு மூன்று விடைகள் கூறலாம். பகலளவில் ஓய்ந்து இரவில் தொழிலுக்குச் சென்றனர் என்பது ஒன்று. புலவர் கூறுவது ஒரே நாளின் நிகழ்ச்சியன்று. அந்நகரில் எஞ்ஞான்றும் நிகழ்வனவற்றைத் தொகுத்தது என்பது இரண்டாவது. திமில் என்பது பரதவருக்கு அடையாக நின்றதேயன்றி, அவர் அப்பொழுது திமிலில் இருந்தமையைக் குறிக்கவில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவது விடை சொல்லமைப்புக்கு ஒவ்வாததன்று. எனினும், கரையில் இருப்போர் சுடர்களை எண்ண வேண்டிய தேவை விளங்கவில்லை. கடலில் இருப்போர்க்கோ அவ்வொளி கரையையும் பொழுதையும் அறிய உதவும். முதல் விடை, உண்டு ஆடித் தங்கியிருந்தனர் என்னும் கூற்றின் ஆற்றலைக் குறைக்கின்றது. இரண்டாவது விடையே பாட்டின் போக்கிற்கு ஏற்றது. செயல்களை உம்மை கொடுத்து அடுக்கிச் செல்லும் இம்முறை நாட்குறிப்பின் முறையன்று. வழக்கங்களின் தொகுப்பு முறையாகும். ஆகவே, உவவு நாளில் பரதவர் ஓய்ந்தனர் என்பதும், பிற இரவுகளில் நகரத்தார் கரையில் மகிழ்ந்திருக்கும்போது அவர் கடலில் உழைத்தனர் என்பதும் ஒருங்கே உண்மையாகலாம். அவருக்கென ஒரு நாள் இருந்தது. எல்லா நாளும் அவருக்கு ஓய்வாக இருக்கவில்லை.

6. சிலப்பதிகாரத்தில் கடற்கரை

இனிச் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். அதன் காலம்பற்றி அறிஞரிடை வேறுபாடு உண்டெனினும், பட்டினப்பாலைக்குப் பிற்பட்டது என்பதில் பலரும் ஒத்த கருத்தினர். அதன் கடலாடு காதையிலும் மூதூர் மக்கள் கடற்கரைக்குச் செல்லும் நாள் உவவு நாளே. சொல் மாறவில்லை, நாளும் மாறவில்லை. நாளுக்கு உரியவர் மாறிவிட்டனர்.

வைகறையில் கோவலன் அத்திரி ஏறியும், மாதவி வையம் ஏறியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே அரசிளங்குமரரும், பரதகுமரரும், ஆடல் மகளிரும், பாடல் மகளிரும் திரைச்சீலை சூழ்ந்த இடங்களில் தங்கியுள்ளனர். புன்னை நிழலில் ஓவிய எழினி சூழ, விதானத்தின் கீழ், அமளியின்மேல் கோவலனும் மாதவியும் அமர்கின்றனர். மணலில் பாவை செய்து நண்டோட்டிய பகல் விளையாட்டு இங்கு இல்லை.

வழியில் அவர்கள் கண்ட விளக்குகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகின்றார். சாந்தும் மலரும் சுண்ணமும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, பரதவரின் மீன்திமில் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டினர் இட்ட விளக்கு எனப் பல அதனுள் வருகின்றன. இவ்வொளியெல்லாம் சேர்ந்து, மாவினைப் பரப்பினாற்போன்ற மணலில் விழுந்த வெண்கடுகையும் காணும்படி இருந்தது என்கின்றார். இப்பட்டியலை ஒளியின் வருணனையாக மட்டும் கொள்ளுதல் சாலாது. இது பிறர் ஓய்வுநாளில் உழைத்தோரின் பட்டியலுமாகும். பரதவர் ஈண்டு ஒரு விளக்காகவே காட்சி தருகின்றனர், முகம் தெரியவில்லை.

சொல்லொன்றும் இம்மாற்றத்திற்குச் சான்றாகின்றது. மணலில் தங்கிய பரதகுமரர் என்போர் வணிகர் மைந்தர். அரசரும் விரும்பும் செல்வம் உடைய வணிகரைப் பரதர் என்றே இந்நூல் பிறிதோரிடத்தும் கூறுகின்றது. திமிலில் இருந்தோர் பரதவர். இரண்டும் ஒருவேர்ச் சொற்களா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. இங்கு வேண்டுவது இவ்வளவே: பட்டினப்பாலையில் மணலில் ஓய்ந்தோர் பரதவர், சிலப்பதிகாரத்தில் மணலில் ஓய்ந்தோர் பரதர்.

கானல்வரியிலோ இம்மாற்றம் முழுமை பெறுகின்றது. கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடும் பாடல்கள் பல, நெய்தல்நில மக்களின் வாழ்வையும் காதலையும் பொருளாகக் கொண்டவை. மீனவப்பெண் பாட்டிற்குப் பொருளாகிறாள். பாடுவோன் வணிகன், பாடுவோள் கணிகை. ஒருவர் பாட்டில் மற்றவர் வேறு பொருள் கண்டு ஐயுற, அவ்வோய்வுநாள் பிரிவில் முடிகின்றது. பட்டினப்பாலையின் ஓய்வுநாள் உறக்கத்தில் முடிந்ததை இதனோடு ஒப்பிடுக.

இளங்கோவடிகள் மீனவரை மறந்தார் என்று குறை கூறுதல் எம் கருத்தன்று. வளர்ந்த வாணிக நகரத்தை அவர் உள்ளவாறு காட்டினார். மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்கும் பரதவரையும் உப்பு விற்போரையும் அவர் பெயர் சுட்டிக் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நகரம் செழிக்குந்தோறும் கடற்கரை காட்சிக்குரிய இடமாகவும், அதன் பழங்குடிகள் காட்சியின் பகுதியாகவும் மாறியமையே இவ்விரு நூல்களின் இடைவெளியில் நாம் காணும் வரலாறு.

7. விழா மறந்த நகரம்

மணிமேகலையின் முதற்காதை இந்திர விழாவிற்கு முரசறைவதைக் கூறுவது. இருபத்தெட்டு நாள் நிகழும் அவ்விழாவில் மக்கள் செய்யவேண்டுவனவற்றை முரசறைவோன் அறிவிக்கின்றான். தெருக்களில் புதுமணல் பரப்புக. கமுகும் வாழையும் கரும்பும் நடுக. சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுக. பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாது விலகுக என்பன அவற்றுள் சில. மணற்குன்றும் சோலையும் ஆற்றிடைக்குறையும் நீர்த்துறையும் அந்நாட்களில் தேவரும் மக்களும் ஒத்து உலவும் இடங்களாகும் என்றும் அவன் கூறுகின்றான்.

அந்நூலின்படி, மகனை இழந்த துயரால் நெடுமுடிக்கிள்ளி அவ்விழாவைச் செய்ய மறந்தான்; அதனால் நகரைக் கடல் கொண்டது. கடல்கோளின் காரணத்தை நிலவியலார் வேறு வகையால் ஆராய்வர். இக்கதையின் உட்பொருள் நமக்கு வேறு வகையிற் பயன்படும். எல்லாரும் ஒத்து ஓயும் நாளை ஒரு நகரம் கைவிடின், அந்நகரம் நிலைபெறாது என்று பண்டைத் தமிழர் ஒருசாரார் கருதினர் என்பதே அது.

8. இன்றைய பூம்புகார்

கீழையூரில் 1962-63 இல் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், படகு கட்டுதற்குரிய மரத்தூண்களும் வெளிப்பட்டன. பல்லவனீச்சரத்துப் புத்த விகாரையின் அடிப்பகுதியும் வானகிரியின் நீர்த்தேக்கமும் பின்னர் அறியப்பட்டன. 1973 இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுப்பப்பெற்று, சித்திரை நிறைமதி விழாவும் புதுப்பிக்கப்பட்டது. 1997 இல் ஆழ்கடல் அகழாய்வு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் மீனவ ஊர்களைப் பெரிதும் அழித்தது. 2020 முதல் இவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

பூம்புகாருக்கு விடுமுறையில் செல்வோர் கலைக்கூடத்தையும் அருங்காட்சியகத்தையும் காண்கின்றனர். காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் நீராடுகின்றனர். ஆடிப்பதினெட்டிலும் தை, ஆடி மறைமதி நாட்களிலும் அங்கு மக்கள் திரளுகின்றனர். உருத்திரங்கண்ணனார் பாடிய நீராட்டு இடையறாது தொடர்கின்றது என்று இதனைக் கொள்வதில் தவறில்லை. அப்பகலின் பிற கூறுகளையும் அறிந்து செல்வோர்க்கு, மணலில் உலரும் வலையும் புதுப்பொருள் தரும்.

இன்று மீனவர்க்கு வரையறுத்த ஓய்வு வேறு வகையில் அமைந்துள்ளது. மீன்வளம் பெருகுதற்பொருட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. சித்திரை நிறைமதி பெரும்பாலும் இக்காலத்துள்ளேயே வரும். அஃதாவது, விழாநாளில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலைகள் முன்றிலில் கிடக்கின்றன. ஆயின் பண்டை உவவு ஓய்வு மீனவர் தாமே மேற்கொண்டது. இன்றைய ஓய்வு சட்டத்தால் வருவது, வருவாய் நின்ற காலமாகவும் இருப்பது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன: பட்டினப்பாலை கூறும் உவவு, நிறைமதி நாளே, அது வழிபாட்டோடு கூடிய பரதவரின் ஓய்வுநாள், அந்நூலில் கடற்கரையின் ஓய்வு முதலில் அங்கு உழைப்போர்க்கும் பின்னர் நகரச் செல்வர்க்கும் உரியதாகக் கூறப்பட்டது, சிலப்பதிகாரக் காலத்தில் அவ்வுரிமை வணிகரிடம் சென்று, பரதவர் தொலைவில் தோன்றும் விளக்காயினர், விழா ஒழிந்தமையே நகரின் அழிவுக்குக் காரணம் என மணிமேகலை கொண்டது.

நெய்தல் திணைப் பாடல்களை முதுகலை மாணவர் பயிலுங்கால், இரங்கலும் பிரிவுமே அத்திணையின் முழுப்பொருள் என்று அமைந்துவிடுதல் கூடாது. சுட்ட இறாலும், மணற்பாவையும், ஓடும் நண்டும், உலரும் வலையும் அத்திணைக்குரிய வரலாற்றுச் செய்திகளே. ஏனைச் சங்கப் பாடல்களில் தொழில் ஒழிந்த நாளைக் குறிக்கும் இடங்களைத் தொகுத்து, உழவர், உமணர், ஆயர் ஆகியோரின் ஓய்வினையும் இவ்வாறு ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சி நிறைவுறும்போது, பண்டைத் தமிழர் எங்ஙனம் உழைத்தனர் என்பதோடு எங்ஙனம் இளைப்பாறினர் என்பதும் நம் சமூக வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.